இருக்கும் இடத்துக்குப் பெயர் கேட்டபோது

நான் பராமரித்துவரும் சி நிரல் ஒன்று சில மாதங்களுக்கு முன் நள்ளிரவு கடந்ததும் தானாகவே விழுந்துகொண்டிருந்தது. பகலில் வந்து சேரும் தரவுக் கோப்புகளை இரவில் எடுத்துச் சுருக்கி, அறிக்கையாக்கி ஓரிடத்தில் வைத்துவிட்டு, அடுத்த இரவுக்காகக் காத்திருக்கும் எளிய பின்னணி நிரல் அது; வாரக்கணக்கில் நிறுத்தாமல் ஓடக்கூடியது. விழும் கணத்தின் நினைவகத்தைப் பதிந்துவைக்கும் கோர் கோப்பைத் திறந்து விழுந்த இடத்தைப் பார்த்தபோது, நான் சற்றும் சந்தேகித்திராத ஒரு வரி அங்கே நின்றது. நிரல் தற்போது எந்த அடைவில், அதாவது பேச்சில் நாம் டைரக்டரி என்று சொல்வதில், இருக்கிறது என்று சி நூலகத்திடம் கேட்கும் கெட்சிடபிள்யூடி என்ற செயற்கூற்றின் அழைப்பு அது. விடையை வாங்கிக்கொள்ள 4096 பைட் நினைவக இடம், அதாவது பஃபர், ஒன்றைக் கொடுத்து, திரும்பி வருவதைச் சோதிக்காமல் நேரே, சரத்தின் நீளத்தை அளக்கும் ஸ்டிரெலெனுக்கு அனுப்பியிருந்தேன். வந்தது நல், அதாவது எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டி; அதன் நீளத்தை அளக்கப்போய் நிரல் விழுந்தது.

இந்த வரி புதிதாக எழுதியதும் அன்று. இரண்டு ஆண்டுகளாக அதே அழைப்பு அதே இடத்தில் இருந்தது. ஆனால் முன்பு அதன் விடையை எஃப்பிரிண்ட்எஃப் வழியாக அறிக்கையின் தலைப்பில் எழுதிக்கொண்டிருந்தேன். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் சி நூலகமான ஜிலிப்சியின் பிரிண்ட்எஃப் குடும்பம், சரம் இருக்க வேண்டிய இடத்தில் நல் வந்தால் விழாமல், அடைப்புக்குறிக்குள் நல் என்றே அச்சிட்டுவிடும். பழைய அறிக்கைகளைத் தேடிப் பார்த்தபோது, பல மாதங்களுக்கு முந்தைய தலைப்புகளிலேயே அடைவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அந்தச் சொல் அமைதியாக உட்கார்ந்திருந்தது. என் கண்ணிலும் அது படவில்லை, வாசித்தவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. பாதைகளை ஒட்டுவதற்காக நான் ஸ்டிரெலெனைச் சேர்த்த பிறகே மறைந்திருந்த தவறு வெளியே வந்தது.

காரணம் கண்டுபிடிக்கக் கடினமாக இல்லை. நிரலின் ஒவ்வொரு புதிய வெளியீடும் தனி அடைவில் இறங்கும். கடைசி மூன்று வெளியீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒரு ஸ்கிரிப்ட் அழித்துவிடும். என் பின்னணி நிரலோ, தான் தொடங்கப்பட்ட பழைய வெளியீட்டின் அடைவிலேயே நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது வெளியீடு இறங்கிய அன்று அதன் காலடியில் இருந்த அடைவு அழிக்கப்பட்டது. காரணம் தெரிந்ததோடு வேலை முடிந்திருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு கேள்வி நின்றுவிட்டது: அடைவு அழிந்த பிறகும் நிரல் எங்கோ நின்றுகொண்டுதானே இருக்கிறது, பிறகு ஏன் அந்த இடத்தின் பெயரை மட்டும் சொல்ல முடியவில்லை? அந்தக் கேள்விக்காக ஜிலிப்சியின் மூல நிரலையும் லினக்ஸின் உட்கருவான கெர்னலின் மூல நிரலையும் இரண்டு வார இறுதிகள் படித்தேன். இந்தப் பதிவு அந்த வாசிப்பிலிருந்து வந்தது.

முதலில் தெளிவாக வேண்டியது, கெர்னல் ஒவ்வொரு ப்ராசஸுக்கும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலுக்கும், எதை நினைவில் வைத்திருக்கிறது என்பது. நடப்பு அடைவு ஒரு சரமாக, சாய்கோடுகளால் பிரித்த பெயர்களாக எங்கோ சேமிக்கப்பட்டிருக்கிறது என்றுதான் நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். லினக்ஸில் அப்படி எதுவும் இல்லை. ப்ராசஸைக் குறிக்கும் கட்டமைப்பிலிருந்து எஃப்எஸ் என்ற இன்னொரு கட்டமைப்புக்குச் சுட்டி போகிறது. அதற்குள் ரூட் என்றும் பிடபிள்யூடி என்றும் இரண்டு உறுப்புகள் உள்ளன. பிடபிள்யூடி என்பது இரண்டு சுட்டிகளின் இணை: எந்த மவுண்ட் (மரத்தில் இணைக்கப்பட்ட கோப்பு முறைமை), அதில் எந்த டென்ட்ரி. டென்ட்ரி என்பது அடைவு மரத்தின் ஒரு கணு. தன் பெயரையும் தன் தாய்க் கணுவையும் மட்டும் அது அறியும். ஆகவே கெர்னலுக்குத் தெரிந்தது இடம். அந்த இடத்துக்கு வேரிலிருந்து எந்த வழியாக வர வேண்டும் என்பது, யாராவது கேட்கும்போது மட்டும் கட்டி எழுப்பப்படுகிறது.

இதை ஒரு நிமிடத்தில் சோதித்துப் பார்க்கலாம். ஒரு டெர்மினலில் ஓர் அடைவுக்குள் சென்று நின்றுகொண்டு, வேறொரு டெர்மினலிலிருந்து அந்த அடைவின் தாய் அடைவுக்குப் பெயர் மாற்றிவிடுங்கள். முதல் டெர்மினலில் இருக்கும் நிரல் எதுவும் நகரவில்லை, எதையும் அதற்கு யாரும் அறிவிக்கவும் இல்லை. ஆனாலும் அடுத்த முறை அது கெட்சிடபிள்யூடியை அழைக்கும்போது புதிய பெயரே வரும். தெருவின் பெயர்ப் பலகையை மாற்றினால் வீட்டில் இருப்பவர் இடம் மாறிவிடுவதில்லை.

இந்த இடம், ப்ராசஸ் தன்னைப் பிரதியெடுத்து ஃபோர்க் செய்யும்போது தாய் ப்ராசஸிடமிருந்து சேய்க்கு வருகிறது, வேறு நிரலை ஏற்றி எக்ஸெக் செய்யும்போது மாறாமல் நிற்கிறது. அடைவு மாற்றும் சிடி கட்டளை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்லுக்குள்ளேயே இருக்க வேண்டியதன் காரணமும் இதுதான்: அது தனி நிரலாக இருந்தால் சேய் ப்ராசஸ் தன் இடத்தை மட்டும் மாற்றிக்கொண்டு முடிந்துபோகும், ஷெல் நின்ற இடத்திலேயே நிற்கும். யுனிக்ஸின் தொடக்கத்தில் பிடிபி-7 கணினியில் ஃபோர்க் சேர்க்கப்பட்டபோது, அதுவரை ஒழுங்காக வேலை செய்த அடைவு மாற்றும் கட்டளை திடீரென்று நின்றுபோனதை டென்னிஸ் ரிச்சி பின்னாளில் எழுதிவைத்திருக்கிறார். இன்று முதன்முதலாக ஷெல் எழுதிப் பழகும் மாணவர்கள் செய்யும் அதே தவறு யுனிக்ஸைப் படைத்தவர்களுக்கும் நேர்ந்தது என்பது ஓர் ஆறுதல். ஒரே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் எல்லாத் திரெட்களும் இந்த இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு திரெட் அடைவு மாற்றும் சிஎச்டிஐஆர் அழைத்தால் மற்ற எல்லாத் திரெட்களும் கேட்காமலே நகர்ந்துவிடும்.

பெயர் சேமிக்கப்படவில்லை என்றால் பழைய யுனிக்ஸ் அதை எப்படிக் கண்டுபிடித்தது? 1979-இல் வந்த ஏழாம் பதிப்பில் இதற்கு சிஸ்டம் கால், அதாவது கெர்னலிடமே நேரே கேட்கும் அழைப்பு, கிடையாது. பிடபிள்யூடி என்ற கட்டளை பயனர் பக்கத்திலேயே இந்த வேலையைச் செய்தது. அதன் முறை எளிது, கொஞ்சம் பரிதாபமும்கூட. ஒற்றைப் புள்ளி என்பது நான் நிற்கும் அடைவு. கோப்பு முறைமை அதற்கு இட்டிருக்கும் ஐநோட் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள். இரட்டைப் புள்ளி என்பது தாய் அடைவு; அதைத் திறந்து, உள்ளே இருக்கும் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படி. எந்தப் பதிவின் ஐநோட் எண் உன்னுடையதோடு பொருந்துகிறதோ, அந்தப் பதிவில் எழுதியிருக்கும் பெயரே உன் பெயர். பிறகு ஒரு படி மேலே ஏறி, தாய்க்கு அதே கேள்வியை அவளுடைய தாயிடம் கேள். ஏறிக்கொண்டே போய், ஓரிடத்தின் ஐநோட் வேர் அடைவின் ஐநோட்டோடு ஒன்றாகும்போது நிறுத்து. அந்தக் காலத்தில் ஓர் அடைவை சாதாரணக் கோப்பைப் போலவே திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பதிவும் 16 பைட், அதில் 2 பைட் ஐநோட் எண், 14 பைட் பெயர். தன் பெயரைத் தானே அறியாதவன் தாய் வீட்டுப் பதிவேட்டைப் புரட்டித் தன் பெயரைத் தெரிந்துகொள்ளும் கதை இது.

இந்த முறையின் சிக்கல்கள் எல்லாம் தாய் அடைவைப் படிக்க வேண்டியிருப்பதிலிருந்து பிறக்கின்றன. தாய் அடைவைப் படிக்க அனுமதி இல்லையென்றால் பெயர் கிடைக்காது. தாய் அடைவில் ஐம்பதாயிரம் பதிவுகள் இருந்தால் உங்களுடையது வரும்வரை எல்லாவற்றையும் புரட்ட வேண்டும். நிற்கும் இடம் ஒரு மவுண்ட் புள்ளியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: தாய் அடைவின் பதிவில் இருக்கும் ஐநோட் எண், மவுண்டுக்கு அடியில் மறைந்துபோன பழைய அடைவுடையது, மேலே அமர்ந்திருக்கும் புதிய கோப்பு முறைமையின் வேருடையது அன்று. எனவே பதிவில் உள்ள எண்ணை நம்ப முடியாமல், ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே ஸ்டாட் செய்து (அதன் விவரங்களைக் கேட்டு), சாதன எண்ணும் ஐநோட் எண்ணும் சேர்ந்து பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும்போது பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு வலையமைப்பு மவுண்டின் சர்வர் செத்துக் கிடந்தால், உங்களுக்குச் சம்பந்தமே இல்லாத அந்த அடைவை ஸ்டாட் செய்யப்போய் உங்கள் நிரல் அங்கேயே தொங்கிவிடும்.

லினக்ஸ் இந்தச் சுமையைக் கெர்னலுக்குள் எடுத்துக்கொண்டது. 2.1.92 பதிப்பிலிருந்து கெட்சிடபிள்யூடி என்ற தனி சிஸ்டம் கால் இருக்கிறது. அதற்கு முந்தைய கெர்னல்களில் நூலகம், ப்ராசஸ்களின் விவரங்களைக் கோப்புகளாகக் காட்டும் ப்ராக் கோப்பு முறைமைக்குள் இருக்கும் சிடபிள்யூடி என்ற, வேறிடத்தைச் சுட்டும் குறியீட்டு இணைப்பைப் படித்து விடை சொல்லும். அதுவும் இல்லாவிட்டால் மட்டும் பழைய ஏறும் முறைக்குப் போகும். கெர்னலிடம் டென்ட்ரிகளின் சங்கிலி நினைவகத்திலேயே இருப்பதால், எந்த அடைவையும் வட்டிலிருந்து படிக்க வேண்டியதில்லை, தாய் அடைவைப் படிக்கும் அனுமதியும் தேவையில்லை.

கெர்னல் இந்தப் பாதையைக் கட்டும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. சேயிலிருந்து தாய்க்கு ஏறும்போது பெயர்கள் தலைகீழ் வரிசையில் கிடைக்கின்றன. கடைசிப் பெயர் முதலில் வருகிறது. அவற்றைச் சேர்த்து வைத்துப் பிறகு திருப்புவதற்குப் பதிலாக, 4096 பைட் பஃபரின் வால் முனையில் தொடங்கி, ஒவ்வொரு பெயரையும் முந்தையதற்கு முன்னால் எழுதிக்கொண்டே இடப்பக்கம் நகர்கிறது. வேரை அடையும்போது பாதை தானாகவே சரியான வரிசையில் இருக்கும். மவுண்டின் உச்சிக்கு வந்துவிட்டால், அந்த மவுண்ட் எந்த டென்ட்ரியின் மேல் அமர்ந்திருக்கிறதோ அங்கே தாவி மேலும் ஏறுகிறது. நடுவில் யாராவது ஓர் அடைவுக்குப் பெயர் மாற்றினால்? அதற்கு ஒரு வரிசை எண் பூட்டு இருக்கிறது: ஏறத் தொடங்கும்போது எண்ணைக் குறித்துக்கொண்டு, முடித்ததும் மீண்டும் பார்க்கிறது, எண் மாறியிருந்தால், முதலிலிருந்து இன்னொரு முறை, இம்முறை பூட்டைப் பிடித்துக்கொண்டே ஏறுகிறது. ஆக, விடை தயாரான கணத்தில் அந்த விடை உண்மை. நிரலின் கைக்கு அது வந்து சேரும்போதும் உண்மையாகவே இருக்கும் என்பதற்கு எந்தப் பூட்டும் உத்தரவாதம் தருவதில்லை.

ஜிலிப்சியின் பக்கத்துக்கு வருவோம். லினக்ஸுக்கான அதன் கெட்சிடபிள்யூடி ஒரு திரைக்குள் அடங்கும் சிறிய செயற்கூறு. பஃபர் கொடுத்து அளவைப் பூஜ்யமாகச் சொன்னால் தவறான மதிப்பு என்னும் ஈஇன்வால் பிழை. பஃபருக்குப் பதில் நல்லும் அளவுக்குப் பூஜ்யமும் கொடுத்தால், 4096-க்கும் பக்க அளவுக்கும் இடையில் எது பெரிதோ அந்த அளவில் அதுவே நினைவகம் ஒதுக்கி (மலாக் செய்து), விடை வந்ததும் தேவையான அளவுக்குச் சுருக்கித் தருகிறது. அதை விடுவிப்பது (ஃப்ரீ செய்வது) நம் பொறுப்பு. நல் கொடுக்கும் இந்த வசதியை யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரம் வரையறுக்கவில்லை. என்றாலும் இன்று நடைமுறையில் இது பரவலாக ஆதரிக்கப்படுகிறது. நம் பஃபரின் அளவு போதாவிட்டால் ஈரேஞ்ச் பிழை வரும். பெரிய பஃபரோடு மறுபடி கேட்க வேண்டும்.

அந்தச் செயற்கூற்றில் என் கவனத்தை ஈர்த்தது ஒரே ஒரு நிபந்தனை. சிஸ்டம் கால் வெற்றியோடு திரும்பினாலும், விடையின் முதல் எழுத்து சாய்கோடுதானா என்று நூலகம் சோதிக்கிறது. கெர்னல் வெற்றி என்று சொன்ன பிறகும் ஏன் இந்தச் சந்தேகம்? இந்த ஒரு சோதனைக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் குறைபாட்டின் வரலாறு இருக்கிறது.

ஒரு ப்ராசஸின் வேர் அடைவும் நடப்பு அடைவும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் போகலாம். வேர் அடைவை மாற்றும் சிஎச்ரூட் செய்துவிட்டு, புதிய வேருக்கு உள்ளே நகராமல் வெளியிலேயே நின்றால் அப்படி ஆகும். நிற்கும் கோப்பு முறைமையைச் சோம்பல் முறையில், அதாவது பயன்பாட்டில் இருக்கும்போதே மரத்திலிருந்து கழற்றி, அன்மவுண்ட் செய்தாலும் ஆகும். அந்த நிலையில் நடப்பு அடைவிலிருந்து எவ்வளவு ஏறினாலும் ப்ராசஸின் வேர் வராது. 2.6.36 கெர்னலிலிருந்து, இப்படிப்பட்ட பாதையின் முன்னால் அடைப்புக்குறிக்குள் அன்ரீச்சபிள் (எட்ட முடியாதது) என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்த்துக் கெர்னல் திருப்பி அனுப்புகிறது. பிழை எண் எதுவும் இல்லை. சாய்கோட்டில் தொடங்காத ஒரு சரம், வெற்றி என்ற முத்திரையோடு வருகிறது. கெட்சிடபிள்யூடி முழுப் பாதையைத்தான் தரும் என்று தரம் சொல்கிறது. அதை நம்பியே மற்ற செயற்கூறுகள் எழுதப்பட்டிருந்தன.

அப்படி நம்பியவற்றில் ஒன்று, ஜிலிப்சிக்குள்ளேயே இருக்கும், முழுப் பாதையைக் கட்டித் தரும் ரியல்பாத். சார்புப் பாதை ஒன்றைக் கொடுத்தால், அது முதலில் நடப்பு அடைவைக் கேட்டு வாங்கும். பிறகு பாதையில் இரட்டைப் புள்ளி வரும்போதெல்லாம், முந்தைய சாய்கோடு வரும்வரை பஃபரில் பின்னோக்கி நடந்து ஒரு பெயரை நீக்கும். முதல் எழுத்து சாய்கோடு என்பது உறுதியாக இருக்கும்வரை இந்த நடை எங்காவது நின்றுவிடும். முதல் எழுத்து அடைப்புக்குறியாக இருந்தால் நிற்பதற்கு எதுவும் இல்லை. பஃபரின் தொடக்கத்தையும் தாண்டி, அதற்கு முன்னால் நினைவகத்தில் இருக்கும் ஏதோ ஒரு சாய்கோட்டைத் தேடிக்கொண்டு அது போகும், பிறகு அங்கே எழுதும். 2018 ஜனவரியில் வெளிவந்த பாதுகாப்புக் குறைபாடுகளின் சிவிஇ பட்டியலில் சிவிஇ-2018-1000001 என்ற எண் பெற்ற குறைபாடு இதுதான். ரூட் என்னும் முழு அதிகாரப் பயனரின் அனுமதியோடு ஓடும் அன்மவுண்ட் கட்டளையை இதைக் கொண்டு வளைத்து, சாதாரணப் பயனர் ரூட் ஆகலாம் என்று செய்தும் காட்டப்பட்டது. 2.27 பதிப்பிலிருந்து ஜிலிப்சி அந்த முதல் எழுத்தைப் பார்க்கிறது. சாய்கோடு இல்லையென்றால் பழைய ஏறும் முறைக்குப் போய், அங்கும் வழி கிடைக்காமல், அப்படி ஒன்று இல்லை என்னும் ஈநோஎன்ட் பிழையோடு திரும்புகிறது.

யார் மேல் பழி என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. சேதம் நேர்ந்தது நூலகத்துக்குள் என்றாலும், பிழையைப் பிழை எண்ணாகச் சொல்லாமல் விடையின் சரத்துக்குள் ஒளித்துவைத்த முடிவே தவறின் தொடக்கம். ப்ராக் கோப்பு முறைமையிலும் இதே பழக்கம் இருக்கிறது: அழிக்கப்பட்ட அடைவில் நிற்கும் ப்ராசஸின் சிடபிள்யூடி இணைப்பைப் படித்தால், பழைய பெயரின் வாலில் அடைப்புக்குறிக்குள் டிலீட்டட் என்று ஒட்டியிருக்கும். அதே சொல்லை வாலில் கொண்ட பெயரில் உண்மையிலேயே ஓர் அடைவை யாராவது உருவாக்கி வைத்தால், படிப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. மனிதர் கண்ணால் பார்ப்பதற்கு அது உதவும். நிரல் அதை நம்பக் கூடாது.

ஏறும் முறை இன்றும் நூலகத்தில் உயிரோடு இருப்பதற்கு இன்னொரு காரணம் நீளம். 4096 என்பது ஒரே அழைப்பில் கெர்னலிடம் கொடுக்கக்கூடிய பாதையின் வரம்பு. அடைவு மரத்தின் ஆழத்துக்கு வரம்பு அன்று. ஒரு படி இறங்கி, அங்கே ஓர் அடைவை உருவாக்கி, மீண்டும் ஒரு படி இறங்கி என்று போனால் எவ்வளவு ஆழமும் போகலாம். 200 எழுத்துப் பெயருள்ள அடைவை ஒன்றுக்குள் ஒன்றாக 25 முறை உருவாக்கிப் பார்த்தேன். பாதை 5,000 எழுத்துகளைத் தாண்டியது. அங்கே நின்று சிஸ்டம் காலை நேரடியாக அழைத்தால், பெயர் மிக நீளம் என்னும் ஈநேம்டூலாங் பிழை. ஜிலிப்சியிடம் நல்லும் பூஜ்யமும் கொடுத்துக் கேட்டால், அது கெர்னலின் மறுப்பைப் பார்த்துவிட்டுத் தானே பழைய முறையில் ஏறி, முழுப் பாதையையும் கொண்டுவந்து கொடுத்தது. மஸல் என்ற இன்னொரு சி நூலகத்தில் அதே சோதனை பிழையிலேயே முடிந்தது. மஸலின் கெட்சிடபிள்யூடி பதினைந்து வரிகளைச் சுற்றித்தான் இருக்கும்: சிஸ்டம் காலை அழைக்கிறது, சாய்கோட்டில் தொடங்காத விடையை ஈநோஎன்ட் ஆக்குகிறது, அவ்வளவுதான்; ஏறும் முறை என்பதே அதில் இல்லை. நான்காயிரம் எழுத்துக்கு மேற்பட்ட பாதையில் நிற்பவருக்காகப் பெரும் நிரலைச் சுமக்க வேண்டியதில்லை என்பது அதை எழுதியவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு சரிதான் என்று நினைக்க வைத்தது சிவிஇ-2021-3999 என்ற இன்னொரு குறைபாடு. ஜிலிப்சியின் ஏறும் முறையும் கெர்னலைப் போலவே பஃபரின் வாலிலிருந்து முன்னோக்கி எழுதுகிறது: முதலில் கடைசி பைட்டில் பூஜ்யம், பிறகு அதற்கு முன்னால் பெயர்கள். ஏறுவதற்கு ஒரு படிகூட இல்லாமல் வேரிலேயே நின்றால், பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு சாய்கோட்டை வைத்துவிட்டு முடித்துக்கொள்ளும். பஃபரின் அளவு சரியாக 1 என்றால்? பூஜ்யம் அந்த ஒரே பைட்டை நிரப்பிவிடும். சாய்கோடு பஃபருக்கு வெளியே, முன்பக்கத்தில் விழும். பிறகு இரண்டு பைட்டையும் தொடக்கத்துக்கு நகர்த்தும்போது பின்பக்கமும் ஒரு பைட் வழியும்.

சாதாரணமாக இந்த இடத்துக்கு யாரும் வர முடியாது. வேர் அடைவில் நின்று 1 பைட் பஃபரோடு கேட்டால் கெர்னலே ஈரேஞ்ச் சொல்லிவிடும், ஏறும் முறைக்குப் போக வேண்டியதே வராது. 1 பைட் பஃபரோடு ஏறும் முறைக்குப் போக வேண்டுமென்றால் பாதை 4096-ஐத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டிய பாதையில் நிற்பவர் வேரில் நிற்பவராக எப்படி இருக்க முடியும்? ஜிலிப்சியோடு வரும் சோதனை நிரலைப் படித்தபோது விடை தெரிந்தது. மிக நீண்ட பாதை ஒன்றை உருவாக்கி, அதன் கடைசி அடைவின் மேல் வேர் அடைவையே பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு (அதை அங்கேயும் தெரியும்படி இணைத்துவிட்டு), உள்ளே போய் நிற்க வேண்டும். கெர்னலின் பார்வையில் நிற்கும் இடம் வெகு ஆழம், ஆகவே ஈநேம்டூலாங். நூலகத்தின் பார்வையில், ஒற்றைப் புள்ளியின் சாதன எண்ணும் ஐநோட்டும் வேருடையவற்றோடு அப்படியே பொருந்துகின்றன, ஆகவே நிற்கும் இடம் வேர். ஒரே இடத்தைப் பற்றி இரண்டு அடையாளங்கள் இரண்டு விடை சொல்கின்றன. அந்த இடைவெளியில்தான் ஒரு பைட் வெளியே போய் விழுந்தது. 2022 பிப்ரவரியில் வந்த 2.35 பதிப்பில், 1 பைட் பஃபருக்கு நேரே ஈரேஞ்ச் சொல்லும்படி திருத்திவிட்டார்கள். இப்படி ஒரு வழியை யோசித்துக் கண்டுபிடித்தவர்களின் மூளையை வியக்கிறேன்.

குறியீட்டு இணைப்புகளைப் பற்றி ஒரு சொல். ஷெல்லில் ஓர் இணைப்பின் வழியாக நுழைந்தால், பிடபிள்யூடி கட்டளை நீங்கள் வந்த வழியைக் காட்டும்; கெட்சிடபிள்யூடியோ இணைப்புகள் எல்லாம் அவிழ்ந்த உண்மைப் பாதையைக் காட்டும். கெர்னலுக்கு நீங்கள் எந்த வாசல் வழியாக வந்தீர்கள் என்பது நினைவில் இல்லை. ஷெல் தன் பிடபிள்யூடி சூழல் மாறியில் அதைத் தனியாகக் குறித்துவைத்துக்கொள்கிறது. அந்த வழியே வேண்டும் என்பவர்களுக்காக கெட்-கரன்ட்-டிர்-நேம் என்ற ஜிஎன்யூ செயற்கூறு இருக்கிறது: சூழல் மாறியில் உள்ள பாதையையும் ஒற்றைப் புள்ளியையும் ஸ்டாட் செய்து, இரண்டும் ஒரே இடம் என்றால் மாறியின் மதிப்பையே தரும், இல்லாவிட்டால் கெட்சிடபிள்யூடிக்குப் போகும். மாறியின் மதிப்பு சாய்கோட்டில் தொடங்குகிறதா என்று நான் படித்த பதிப்பு சோதிக்கவில்லை. மாறியில் வெறும் ஒற்றைப் புள்ளியை வைத்து அழைத்துப் பார்த்தால், ஒற்றைப் புள்ளியே விடையாக வருகிறது. சூழலை அடுத்தவர் அமைக்கக்கூடிய நிரல்களில் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

இனி என் நிரலுக்குத் திரும்புகிறேன். அழிக்கப்பட்ட அடைவில் நின்று கேட்டால், டென்ட்ரி மரத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிட்டதைக் கெர்னல் பார்த்து ஈநோஎன்ட் சொல்கிறது. அதே பெயரில், அதே இடத்தில் புதிய அடைவை உருவாக்கினாலும் பயனில்லை. அது வேறு அடைவு, என் நிரல் நிற்பது பழையதில். பாஷ் ஷெல்லில் இதே நிலையில் தாய் அடைவுகளை அணுக முடியவில்லை என்ற செய்தி வருவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அனுமதிச் சிக்கல் என்று எண்ணி நான் ஒருமுறை அரை மணி நேரம் அனுமதி மாற்றும் சிஎச்மோடோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் செய்த திருத்தம், நல் வருகிறதா என்று சோதித்து, வந்தால் பெயர் கிடைக்கவில்லை என்று, பிழை எண்ணான எர்நோவோடு எழுதுவது. அதை எழுதி முடித்த பிறகுதான், அந்த அழைப்பே ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டேன். எந்த அமைப்புக் கோப்பின்படி அறிக்கை தயாரானது என்று தலைப்பில் முழுப் பாதையோடு குறிக்க, ஒவ்வோர் இரவும் நடப்பு அடைவைக் கேட்டு, அமைப்புக் கோப்பின் சார்புப் பெயரை அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கோப்பையோ நிரல் தொடங்கும்போது ஒரே ஒரு முறைதான் படிக்கிறது. தொடக்கத்தில் படித்ததற்கு இரவில் பெயர் கேட்பது பொருளற்றது. இடையில் அடைவின் பெயர் மாறியிருந்தால், அந்த இரவின் விடை சரியாக இருந்தும் தலைப்பு தவறாகிவிடும். இப்போது கோப்பைத் திறக்கும் கணத்திலேயே முழுப் பாதையைக் கண்டு வைத்துக்கொள்கிறேன்.

அறிக்கைகள் எழுதப்படும் அடைவுக்கு வேறு ஏற்பாடு செய்தேன். தொடக்கத்தில் அதைத் திறந்து, திறந்ததைக் குறிக்கும் எண்ணான கோப்பு விவரிப்பியை மூடாமல் வைத்துக்கொண்டு, எல்லாக் கோப்புகளையும் 2008-ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்தில் சேர்ந்த ஓப்பன்ஏடி வழியாக அந்த விவரிப்பியைச் சார்ந்தே திறக்கிறேன். விவரிப்பி என்பதும் கெர்னலின் பார்வையில் ஓர் இடமே. நடப்பு அடைவுக்கு இருக்கும் அதே உறுதி இதற்கும் உண்டு, ஆனால் எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வேறொரு திரெட் அதைக் காலடியிலிருந்து இழுத்துவிடவும் முடியாது. எங்காவது போய்விட்டுத் திரும்பி வர வேண்டிய நிரல்களுக்கும் இதுவே வழி: போகுமுன் ஒற்றைப் புள்ளியைத் திறந்து வைத்துக்கொண்டு, திரும்பும்போது, விவரிப்பியைக் கொண்டு அடைவு மாற்றும் எஃப்சிஎச்டிஐஆர் அழைத்தால் போதும். போகும்போது பெயரைக் கேட்டு எழுதிவைத்து, வரும்போது அந்தப் பெயரைத் தேடிப் போகும் நிரல்களை நானும் நிறைய எழுதியிருக்கிறேன்.

கடைசியாக, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் நிரலைத் தொடங்கும் சேவைக் கோப்பிலிருந்து பணி அடைவைக் குறிக்கும் வரியை நீக்கினேன். அதைக் குறிப்பிடாத சேவைகள் இயல்பாக வேர் அடைவிலேயே தொடங்கும். பின்னணி நிரல்கள் தொடங்கியதும் வேருக்கு நகர்ந்துவிட வேண்டும் என்பது பழைய யுனிக்ஸ் வழக்கம். நூலகத்தின் டீமன் என்ற செயற்கூறு நாம் வேண்டாம் என்று சொல்லாதவரை அதைத் தானே செய்துவிடும். நிற்கும் கோப்பு முறைமையை அன்மவுண்ட் செய்ய முடியாமல் போகும் என்பதுதான் அந்த வழக்கத்துக்கு எப்போதும் சொல்லப்படும் காரணம். மாற்றத்துக்குப் பிறகு ஆறு வெளியீடுகள் இறங்கிவிட்டன, பழையவை அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கின்றன; நிரல் அதே ப்ராசஸ் எண்ணோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

பழைய அறிக்கைகளின் தலைப்பில் உள்ள நல்களைத் திருத்த வழியில்லை. அந்த இரவுகளில் நிரல் நின்ற இடத்துக்குப் பெயரே இல்லாமல் இருந்ததால், அவற்றை அப்படியே விட்டுவிட்டேன்.